கொக்குச் சின்னமும் குளத்துக்காரி லோனியும்

லோனி ருக்டெஷலுக்குக் கொக்கைக் கண்டாலே ஆகாது. அவள் அப்பா கெர்லாவ் மாளிகையின் மீன் குளங்களைப் பார்த்துக்கொண்டவர். அவருக்குப் பிறகு அவளே பார்த்துக்கொண்டாள். கெண்டைக் குஞ்சுகளைக் குளத்தில் விட்டு, பனிக்காலம் தாங்க வைத்து, கோடைக்குக் கோடை தீனி போட்டு வளர்த்தால், ஒரு கொக்கு வந்து கரையோரம் நின்று சாவகாசமாகப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போகும். லோனி கையில் அகப்பட்டதை எடுத்து வீசுவாள். வீசியது ஒரு நாளும் பட்டதில்லை.

சங்கடம் என்னவென்றால், எங்கள் ஊரில் கொக்கு இல்லாத இடமே கிடையாது. மாளிகை வாசலுக்கு மேலே கல்லில் ஒன்று. தேவாலயத்தில் சுவருக்குச் சுவர். தீயணைப்பு வண்டியின் கதவில், கால்பந்துக்காரர்களின் சட்டையில், என் விடுதியின் பீர் கோப்பைகளில். நீலக் கேடயம், நடுவில் வெள்ளைக் கொக்கு, அதன் அலகில் ஒரு சிவப்பு மீன். ஃபொன் கெர்லாவ் குடும்பத்தின் குலச்சின்னம் அது. ஊரின் பெயரையே குடும்பத்தின் பெயராக வைத்துக்கொண்டு எழுநூறு வருஷம் இங்கே இருந்தவர்கள்.

அந்தச் சின்னம் வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். ஏதோ ஒரு பேரரசர் படையோடு வந்தபோது ஆற்றில் வெள்ளம். எங்கே இறங்குவது என்று தெரியவில்லை. அப்போது குடும்பத்தின் முதல் ஆள், தண்ணீருக்கு நடுவே ஒரு கொக்கு நிற்பதைக் காட்டி, அங்கே ஆழமில்லை என்று சொன்னாராம். படை கடந்தது, கேடயம் கிடைத்தது. லோனி இந்தக் கதையை நம்பியதே இல்லை.

"ஆத்துல வழி காட்டுச்சாம். சரி, வாயில மீன் எப்படி வந்துச்சு? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க" என்பாள். "அது எங்க முப்பாட்டன் வளர்த்த மீனு."

இதை அவள் மாளிகைப் பிரபுவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அவர் பெயர் லோதார். அவளைவிட ஐந்து வயது பெரியவர்.

லோதார் பிரபுவாக வேண்டிய ஆளே இல்லை. அவருக்கு எபர்ஹார்ட் என்று ஓர் அண்ணன் இருந்தார். குதிரை, துப்பாக்கி, மேடைப் பேச்சு எல்லாம் அவருக்குத்தான். லோதார் புத்தகமும் கையுமாகக் குளக்கரையில் கிடப்பவர். போரில் எபர்ஹார்ட் ரஷ்யாவில் செத்துப்போனார். உடல் வரவில்லை. கறுப்புச் சாயம் பூசிய மரப்பலகையில் கொக்கை வரைந்து, கீழே அவர் பெயரை எழுதித் தேவாலயத்தில் மாட்டினார்கள். அன்றைக்கு லோதார் அரைக்கால் சட்டை போட்ட பையன். மாட்டி முடித்து எல்லோரும் திரும்பியபோது பார்வையெல்லாம் அவர் மேல்தான் இருந்ததாம்.

ஐம்பதுகளின் நடுவில், எங்கள் தேவாலயத் திருவிழா நடனத்தில், லோதார் லோனியோடு மூன்று பாட்டுக்குத் தொடர்ந்து ஆடினார். நான் அப்போது என் அப்பாவின் விடுதியில் கோப்பை சுமக்கும் பெண். ஒரு பாட்டுக்கு ஆடினால் மரியாதை. இரண்டாவதற்கும் ஆடினால் இசைக்காரர்கள் கண்ணடிப்பார்கள். மூன்றாவது தொடங்கியபோது என் அம்மா தட்டைக் கழுவாமல் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். லோனிக்கு இருபது வயது. அவள் அழகி என்று சொல்ல மாட்டேன். தோள் அகலம், கை சிவந்து வெடித்திருக்கும். ஆனால் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சிரிப்பு வரும்.

அதற்கப்புறம் அவர்கள் குளக்கரையில் பேசிக்கொண்டு நடப்பதை ஊரே பார்த்தது. இருவரும் எப்போதும் 'நீங்கள்' என்றுதான் பேசிக்கொள்வார்கள். அவர் அவளை ஒரு தரம்கூட 'நீ' என்று கூப்பிட்டதில்லை. மாளிகைக்காரர் குளத்துக்காரியை 'நீ' என்றால் அதற்கு ஊரில் வேறு அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும்.

பழைய பிரபு, லோதாரின் அப்பா, கத்துகிற மனுஷர் இல்லை. லோனியின் அப்பாவை மாளிகைக் கூடத்துக்கு அழைத்து, உட்கார வைத்து, பிராந்தி கொடுத்தார். அந்தக் கூடத்தின் சுவரில் ஒரு பெரிய ஓக் மரம் வரைந்திருக்கும். கிளைக்குக் கிளை பெயர்கள். திருமணம் ஆன ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் மனைவி வீட்டுக் கேடயம். லோதார் பெயருக்குப் பக்கத்தில் காலி இடம். பிரபு அதைக் காட்டி, உங்கள் பெண்ணுக்கு இங்கே நான் எதை வரைவது என்று கேட்டாராம். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்ட மாதிரிதான் இருந்தது என்று லோனியின் அப்பா கடைசி வரை சொன்னார். கூடவே இன்னொன்றையும் பிரபு சொல்லியிருக்கிறார். அவர் எழுதி வைத்த உயிலின்படி, கேடயம் இல்லாத வீட்டுப் பெண்ணைக் கட்டினால் மகனுக்கு மாளிகையும் இல்லை, காடும் இல்லை, குளங்களும் இல்லை. எல்லாம் தூரத்து மடம் ஒன்றுக்குப் போய்விடும்.

இந்தப் பிடிவாதம் அந்தக் காலத்துக்கே கொஞ்சம் பழசு. சட்டப்படி பிரபு பட்டமெல்லாம் முதல் உலகப் போரோடு ஒழிந்துவிட்டது. 'ஃபொன்' என்பது பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் தேவாலயத்துக் கல்லறைக் கற்களைப் பார்த்தால் அவர்கள் நிலைமை புரியும். கவசம் போட்ட வீரன் நடுவில் நிற்பான். அவன் இரண்டு பக்கமும் பதினாறு சின்னக் கேடயங்கள், அப்பா வழியில் எட்டு, அம்மா வழியில் எட்டு. நான்கு தலைமுறைக்கு மேலே உள்ள பதினாறு பேரும் குலச்சின்னம் உள்ளவர்கள் என்று காட்ட வேண்டும். அதில் ஓர் இடம் காலியாக இருந்த கல்லை நான் பார்த்ததில்லை.

லோதார் குளக்கரையில் லோனியிடம் சொன்னதையும் அவள் பதில் சொன்னதையும் பல வருஷம் கழித்து, என் சமையலறையில் மீன் செதில் உரித்துக்கொண்டே அவள் எனக்குச் சொன்னாள்.

"நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன், லோனி. நூரம்பர்க் போவோம். ஏதாவது வேலை கிடைக்கும்."

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

"குதிரை ஓட்டத் தெரியும். லத்தீன் தெரியும்."

"பிழைச்சோம் போங்க."

அவர் சிரிக்கவில்லை. அவள்தான் சொன்னாள்: "உங்க அம்மா ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துட்டாங்க. இன்னொண்ணை நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். கேடயம் இருக்கற வீடாப் பாத்துக் கட்டிக்குங்க."

"அழுதியா?" என்று கேட்டேன்.

"மறுநாள் குளத்துல மீன் பிடிப்பு. அழ நேரம் ஏது?" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து லோதாருக்குத் திருமணம் நடந்தது. பெண்ணின் பெயர் மெக்டில்ட். கிழக்கே பறிபோன சிலேசியாவிலிருந்து போருக்குப் பிறகு விரட்டப்பட்டு வந்த குடும்பம். ஒரு பெட்டியோடு வந்திறங்கினாள். அவள் பக்கத்துப் பதினாறு கேடயங்களும் பழுதில்லாமல் இருந்தன. வீடுதான் இல்லை. ஒல்லியாக, எப்போதும் குளிரில் நடுங்குகிறவளாக, யாரோடும் கண் பார்த்துப் பேசக் கூசுகிறவளாக இருந்தாள். ஊர்ப் பெண்கள் அவளைக் கர்வி என்று முடிவு கட்டினோம்.

அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வேலைக்காரியை அனுப்பாமல் மெக்டில்டே குளத்து வீட்டுக்கு மீன் வாங்க வந்தாள். தொட்டியில் கெண்டைகள் நீந்துவதைப் பார்த்தவள் அப்படியே நின்று அழத் தொடங்கிவிட்டாள். அவர்கள் ஊரில் அன்றைக்குக் கெண்டையைக் கறுப்பு பீரிலும் இஞ்சி ரொட்டித் தூளிலும் வேகவைத்துச் சாப்பிடுவார்களாம். அவள் அம்மா செய்வாளாம். இங்கே மாளிகைச் சமையல்காரிக்கு மாவில் புரட்டிப் பொரிக்கத்தான் தெரியும். லோனிக்கு அவளைப் பார்த்து என்ன தோன்றியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அவள் செய்தது இதுதான். கையைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சி ரொட்டியில மீனா? சரி, வாங்க, பண்ணிப் பாப்போம்" என்று அடுப்பை மூட்டினாள். இருவரும் சேர்ந்து செய்த முதல் குழம்பு குமட்டுகிற மாதிரி இருந்ததாம். அப்புறம் வருஷா வருஷம் செய்தார்கள். நன்றாகவே வந்தது. நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

மெக்டில்டுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. அதற்கப்புறம் நம்பிக்கையும் இல்லை. அந்த நாட்களில் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது லோனிதான். பழைய பிரபு அப்போது உயிரோடு இருந்தார். மருமகளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த மரத்தை அவர் கடைசி வரை பார்க்கவே இல்லை என்று வேலைக்காரர்கள் சொன்னார்கள்.

லோனியைக் கேட்டு வந்தவர்களும் உண்டு. மரம் அறுப்பவர் ஒருவர், என் பெரியப்பா மகன் ஒருவன். யாரையும் அவள் வையவில்லை. யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. இடுப்பு வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குவதும், மதகைத் திறப்பதும், கொக்கைத் திட்டுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு அக்டோபரிலும் தண்ணீரை வடித்துக் கெண்டைகளை வாரும்போது லோதாரும் வேலைக்காரர்களோடு வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவளுக்கு இந்தப் பக்க முனை, அவருக்கு அந்தப் பக்க முனை.

மெக்டில்டுக்கு ஐம்பத்து சொச்சம் வயதில் வயிற்றில் நோய் வந்தது. சாகிறதற்குச் சில நாள் முன்பு லோனி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சொன்னாளாம்: "எனக்குத் தெரியும், லோனி. வந்த முதல் வருஷமே யாரோ சொல்லிட்டாங்க. தெரிஞ்சுதான் உன்னை எனக்கு இவ்வளவு பிடிச்சது."

லோனிக்குச் சீப்பைப் பிடித்த கை நகரவில்லை. மெக்டில்ட் கண்ணை மூடிக்கொண்டு, "நிறுத்தாதே, நல்லா இருக்கு" என்றாளாம்.

அதற்குப் பிறகு ஊர் எதிர்பார்த்தது. பழைய பிரபு இல்லை, மெக்டில்ட் இல்லை, யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் எதிர்பார்த்துச் சலித்துப் போனோம். லோதார் மாளிகையில் இரண்டு அறைகளில் அடங்கிக்கொண்டார். மற்ற அறைகளில் கூரை ஒழுகியது. அவள் குளத்து வீட்டில். தினமும் காலையில் அவர் கரையில் நடந்து வருவார், அவள் காப்பி கொடுப்பாள், 'நீங்கள் எப்படித் தூங்கினீர்கள்' என்று கேட்டுக்கொள்வார்கள். மெக்டில்ட் கல்லறைக்குப் பூ வைக்க இருவரும் சேர்ந்தே போவார்கள். பல வருஷம் இப்படியே போனது. இனி மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை என்று இருவருமே நினைத்துவிட்டார்கள் போல.

லோதாருக்கு எழுபது தாண்டியபோது, ரைன் நதிப் பக்கத்திலிருந்து ப்ரோக்மான் என்று ஒருவர் வந்தார். குளியலறை டைல்ஸ் தொழிற்சாலைக்காரர். வாரிசு இல்லாத பிரபு ஒருவர் வயது வந்த ஆளைத் தத்தெடுத்தால் பெயர் அந்த ஆளுக்கு வந்துவிடும். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ப்ரோக்மானுக்கு அந்தப் பெயர் வேண்டும். பதிலுக்கு மாளிகைக் கூரையை மாற்றி, சுவரை எல்லாம் நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார். மோசமான ஆள் இல்லை. என் விடுதியில்தான் தங்கினார். கொக்குக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சின்ன வயதில் தன் வீட்டில் ஒரு சாமான்கூடப் பழையதாக இருந்ததில்லை, எல்லாம் குண்டுவீச்சில் போய்விட்டது என்று என்னிடம் சொன்னார். எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது.

லோதார் ஏறக்குறைய சம்மதித்துவிட்டார். கரையில் காப்பி குடிக்கும்போது லோனியைக் கேட்டார். "பேரு உங்களோடது. மனுஷனும் நல்லவராத்தான் தெரியறார். கூரை ஒழுகாது" என்றாள் அவள்.

"வேற ஏதாவது சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"நான் என்ன சொல்றதுக்கு இருக்கு?" என்று அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அக்டோபரில் பெரிய குளத்தை வடித்த நாள் நல்ல குளிர். வலையை இழுத்துக்கொண்டிருந்த லோனி ஒரு சத்தமும் இல்லாமல் முன்பக்கமாகச் சேற்றில் சாய்ந்தாள். கரையில் நின்றவர்கள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்துச் சிரித்தோம். லோதாருக்கு அன்று முழங்கால் வலி, அதனால் வலை பிடிக்காமல் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு கரையில் நின்றிருந்தார். அவர்தான் முதலில் இறங்கினார். தொடை வரை சேறு. அவள் முகத்தைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, அசையாமல், மற்றவர்கள் பலகை போட்டு வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். என்னவென்று எங்களுக்குக் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸில் அவரை ஏற்றவில்லை. என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவமனை வரவேற்பில் ஒரு சின்னப் பெண், இதயம்தான், இப்போதைக்கு உறவினரை மட்டும்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"நீங்க அவங்களுக்கு யாரு?"

கோட்டிலிருந்து சேறு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. லோதார் வாயைத் திறந்தார். "அவங்க எங்க குளத்தை..." என்று தொடங்கி நிறுத்தினார். மறுபடியும் தொடங்கினார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் நல்லவள். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, துண்டு கொடுத்து, தன் காப்பியையே ஊற்றிக் கொடுத்தாள். ஆனால் உள்ளே விடவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும்போது காரில் கோட்டில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தார். ஊர் எல்லை வந்ததும் சொன்னார்: "ஹெட்டி, என் பாட்டன் பூட்டன் பதினாறு பேர் பேரும் எனக்குத் தலைகீழா வரும். அந்தப் பொண்ணு கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வரல."

மறுநாளே ப்ரோக்மானுக்குத் தொலைபேசியில் முடியாது என்று சொல்லிவிட்டார். லோனியைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று நான் அவளுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். லோதார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் எழுந்தேன். லோனி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

அவர் நேராகவே கேட்டார். ஐம்பது வருஷம் தள்ளிப்போட்ட ஆள் அன்று சுற்றி வளைக்கவில்லை. லோனி முதலில் தலையணையைச் சரிசெய்துகொண்டாள்.

"பிரபுவோட பொண்டாட்டின்னா நான் ஃபொன் கெர்லாவ்னு கையெழுத்துப் போடணுமா? மீன் பெட்டியில ஒட்டற சீட்டுல இடம் பத்தாது. நான் ருக்டெஷலாப் பொறந்தேன், ருக்டெஷலாவே போயிடறேன்."

"போட வேண்டாம். நான் உங்க பேரை எடுத்துக்கறேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். சட்டம் அதற்கும் இடம் கொடுக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் அதுவரை எங்கள் ஊரில் யாரும் செய்து பார்த்ததில்லை. லோனிக்குக் கோபமே வந்துவிட்டது. "எழுநூறு வருஷப் பேரு. அதை முடிச்சு வெச்சவன்னு ஊர்ல என்னைச் சொல்லணுமா? வேணாம்."

அப்போது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார். அது எங்கள் இருவருக்குமே புதிது. இந்த மாதிரிக் குடும்பங்களில் கடைசி ஆண் செத்தால், அவர் கேடயத்தையும் ஊர்வலத்தில் கொண்டுபோய்க் குழிக்குப் பக்கத்தில் வைத்து உடைப்பார்களாம். 'இன்றோடு கெர்லாவ் முடிந்தது, இனி இல்லை' என்று ஒருவர் உரக்கச் சொல்வாராம். அண்ணனின் பலகையை மாட்டிய அன்று, யாரோ ஒரு பெரியவர் இவரிடம் இதைச் சொல்லியிருக்கிறார், இனி எல்லாம் உங்கள் கையில்தான் என்று. அன்றிலிருந்து இன்றுவரை, கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான் கேட்கிறது என்றார். மெக்டில்ட் இரண்டு தடவை கருவை இழந்தபோதும் அதுதான் கேட்டதாம். அவளுக்காக அழ வேண்டிய நேரத்தில் தன் பயத்துக்காக அழுததையும் சொன்னார்.

"எப்படியும் என்னோட முடியத்தான் போகுது, லோனி. பெட்டியில வெச்சு முடியறதுக்குக் கல்யாணத்துல முடியட்டும். ஃபொன் கெர்லாவ்னா கெர்லாவ்காரன்னுதான அர்த்தம்? பேரு இல்லாட்டி நான் என்ன வேற ஊர்க்காரனா ஆயிடுவேனா?"

 லோனி ஆப்பிள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. முகமெல்லாம் வெளிறிக் கெடக்கு" என்றாள். அதுதான் சம்மதம்.

பதிவு அலுவலகத்தில் நான்தான் சாட்சி. பதிவாளர் பெண் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று பெயர் விஷயத்தை மறுபடியும் மறுபடியும் கேட்டாள். லோதார் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக எழுத்துக்கூட்டிச் சொன்னார். ருக்டெஷலை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவது லேசில்லை. வெளியே வந்ததும் கால்பந்துப் பையன்கள் கொக்குச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். யாரோ "ருக்டெஷல் பிரபு வாழ்க" என்று கத்த, மனுஷர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "கடைசியில மீனு கொக்கை முழுங்கிடுச்சு" என்று வனக்காவலரின் விதவை என் விடுதியில் உட்கார்ந்து சொன்னாள். யாரோ அதை லோனியின் காதில் போட்டார்கள். அவள் சிரித்துச் சிரித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், நாங்கள்தான் பயந்துபோனோம். பழைய குடும்பங்களின் சங்கத்திலிருந்து லோதாரின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.  ப்ரோக்மான் மட்டும் குளத்து வீட்டுக் குளியலறைக்குத் திருமணப் பரிசாக டைல்ஸ் அனுப்பினார். கொக்கு எதுவும் இல்லாத வெள்ளை டைல்ஸ்.

மாளிகையை லோதார் மாவட்டத்துக்குக் கொடுத்தார். அவர்கள் கூரை போட்டு அங்கே இசைப் பள்ளி வைத்தார்கள். அவர் குளத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. கற்றுக்கொண்டார், கெட்டுப்போன முட்டைகளோடு. ஆனால் திருமணமாகியும் அவர்கள் 'நீங்கள்' என்றுதான் பேசிக்கொண்டார்கள். அவர் எவ்வளவோ கேட்டும் லோனிக்கு வாயில் வரவில்லை. அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் அவர் குஞ்சுக் குளத்தின் மதகைத் திறந்து பார்த்துவிட்டுச் சரியாக மூடாமல் வந்துவிட்டார். பாதிக் குஞ்சு வாய்க்காலில் போய்விட்டது. மத்தியானம் என் விடுதிக்கு வந்தவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஹெட்டி, இன்னைக்கு அவ என்னை என்ன சொன்னா தெரியுமா? 'உன்னை யாரு தொடச் சொன்னது, கழுதை'ன்னா."

"கழுதைன்னு சொன்னதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"உன்னைன்னு சொன்னா, ஹெட்டி."

அன்று விடுதியில் இருந்த எல்லோருக்கும் அவர்தான் பீர் வாங்கிக் கொடுத்தார்.

எட்டு வருஷத்துக்கு மேல் அப்படி வாழ்ந்தார்கள். ஒரு மே மாதம், சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்த லோதார் எழுந்திருக்கவில்லை. வரலாற்றுக் கழகத்துக்காரர் ஒருவர், பெயர் எப்படி இருந்தாலும் ரத்தத்தில் அவர்தானே கடைசி, முறைப்படி கேடயத்தை உடைத்துவிடலாமா என்று மரியாதையாகவே கேட்டு வந்தார். லோனி அவருக்குக் காப்பி கொடுத்தாள். "இங்க ருக்டெஷல் வீட்டு ஆம்பள செத்திருக்காரு. உடைக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

லோதாரை மெக்டில்டுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று லோனி பிடிவாதமாக இருந்தாள். அப்படியே செய்தோம். உனக்கும் அங்கே இடம் பார்க்கலாமே என்று நான் ஒரு தரம் சொன்னேன்.

"எதுக்கு? அந்தப் புள்ள இத்தனை வருஷமா அங்க தனியா கெடந்தா. கொஞ்ச நாளு அவரு அவகூட இருக்கட்டும்" என்றாள். "எனக்கு மேட்டுக் கல்லறையில எங்க அப்பா பக்கத்துல போதும். அங்கிருந்து குளம் தெரியும்."

அப்புறம் அவள் ஒரு காரியம் செய்தாள். பக்கத்து ஊரில் வெந்நீர்க் குளம் கட்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கே முதியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் சேர்ந்தாள். வாழ்நாள் முழுதும் தண்ணீரிலேயே நின்றவளுக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. "இடுப்புக்கு மேல தண்ணி வந்தா நான் என்னைக்கும் போனதில்லையே" என்றாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எழுபத்தைந்தைத் தாண்டிய இரண்டு கிழவிகள், பூப்போட்ட நீச்சல் உடையில், சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தோம். சொல்லிக்கொடுத்த பெண் ரொம்பப் பொறுமைசாலி.

ஒரு வியாழக்கிழமை லோனி கம்பியை விட்டாள். மல்லாந்து, காது வரை தண்ணீரில் அமிழ்ந்து, கைகளை விரித்து மிதந்தாள். வெள்ளை முடி முகத்தைச் சுற்றி விரிந்து ஆடியது. நான் பயந்துபோய் அவள் முதுகுக்குக் கீழே கையை வைத்தேன்.

"கையை எடு, ஹெட்டி" என்றாள், கண்ணைத் திறக்காமல். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

நான் கையை எடுத்தேன். அவள் மிதந்துகொண்டே போய், எதிர்ச்சுவரில் தலை லேசாக முட்டியதும் எழுந்து நின்று, மூக்கைச் சிந்திவிட்டு, எனக்குப் பசிக்கிறது என்றாள்.